அத்திப்பழம் அரைத்த நாள்

இன்று ஆராதனையில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த, சபையை நடத்துகிற மூப்பரின் மனைவியிடமிருந்து டிங்சர் வாசனை வந்தது. முழங்கையில் வெள்ளைக் கட்டு, ஓரத்தில் மஞ்சள் கறை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு நேராக வந்திருக்கிறார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. என்னங்க, நம் சபையில் அது பாவத்தின் வாசனையாக இருந்த காலத்தில்தான் நீங்கள் செத்துப்போனீர்கள். ‘நித்திரையடைந்தீர்கள்’ என்று எழுதுவதுதான் வழக்கம். எனக்குக் கை வரவில்லை.

உங்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று சொல்கிறேன். மருந்து தொடக்கூடாது என்ற சட்டத்தைச் சபை மாற்றிவிட்டது. போன மாதம், அறிவிப்போடு அறிவிப்பாகச் சொன்னார்கள்: வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம், இன்னார் வீட்டில் கல்யாணம், இனிமேல் அவசியமானால் விசுவாசிகள் வைத்தியரிடம் போகலாம், தலைமையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். வீட்டுக் கணக்கில் நான் தப்பாக எழுதினால் குறுக்கே கோடு போட்டுப் பக்கத்தில் திருத்தி எழுதுவேன். தப்பும் தெரியும், திருத்தியதும் தெரியும். இவர்கள் கோடு போடவில்லை. முந்தின பக்கமே இல்லாதது போல எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

பாதிரியார் இருந்த பெரிய கோயிலை விட்டுவிட்டு நாம் இந்தச் சபைக்கு வந்தது எதற்காக? ஊரிகம் தங்கச் சுரங்க லைன் வீட்டு வாசலில் டிபன் கேரியரைக் கழுவிக்கொண்டே சொன்னீர்கள்: “அங்க அங்கி, கமிட்டி, எலெக்‌ஷன். இங்க வேதத்துல இன்னா கீதோ அதான். வேற ஒண்ணும் கெடையாதுமே.” அந்த ஒரு பேச்சை நம்பித்தான் காதிலும் கழுத்திலும் இருந்ததைக் கழற்றினேன், வெள்ளைச் சேலைக்கு மாறினேன். அதை நம்பித்தான் எழுத்தும் கற்றேன். வசனம் வாசிக்கும்போது பக்கத்துப் பெண்ணின் விரல் எந்த எழுத்தில் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பிடித்தது. பிறகு ஷிப்ட் முடிந்து நீங்கள் வந்தால் நான் வாசிப்பேன். ராஜாக்களின் கதை என்றால் உங்களுக்கு உயிர். “அந்தாளு அப்புறம் இன்னா ஆனான், படி படி” என்று அவசரப்படுத்துவீர்கள்.

சுரங்கத்துக்குள் மரம் சுமந்து போய் முட்டுக் கொடுக்கிற வேலை உங்களுக்கு. மரம் உரசுகிற இடத்தில், பிடரிக்குக் கீழே, கொப்புளமாக ஆரம்பித்தது பல கண் வைத்து ராஜபிளவையாக வீங்கியது. ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில். தொழிலாளியிடம் காசு வாங்கமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து திட்டினார். “கேஜ் லிப்டுல ஏறி சுரங்கத்துல அவ்ளோ ஆழம் போற, ஒரு டாக்டர்கிட்ட போக பயமாடா? போய்க் கீறி உட்டுக்கினு வா.” நீங்கள் மூப்பருக்குத்தான் ஆள் அனுப்பினீர்கள். இதே மூப்பர் வந்து எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டுப் போனார். பிளவை இன்னும் சிவந்தது.

அன்று சாயங்காலம் நான் எசேக்கியா ராஜாவை எடுத்து வாசித்தேன். அவருக்கும் பிளவைதான். சாகப்போகிறவர் அழுது ஜெபித்தார், தீர்க்கதரிசி அந்த ஜெபத்தோடு நிறுத்தவில்லை. அத்திப்பழத்தை அடையாகக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின் மேல் வைக்கச் சொன்னார். ராஜா பிழைத்தார். நீங்கள் எழுந்து உட்கார்ந்தீர்கள். “மெய்யாலுமே அப்டி கீதா? இன்னொரு தபா படி.” மறுபடி வாசித்தேன். உங்கள் முகத்தில் ஆசை தெரிந்தது, பிழைக்கிற ஆசை. அதை நான் பார்த்தேன். “மூப்பரை ஒரு வார்த்த கேட்டுக்கலாம்” என்றீர்கள்.

மறுநாள் அவர் இரண்டு சகோதரர்களோடு வந்தார். வேதத்தை விரித்து அவர் முன்னால் வைத்தேன். அவர் பார்க்கவில்லை.

“அது பழைய ஏற்பாட்டுக் காலம், சிஸ்டர். கிருபையின் காலத்துல சபைக்குக் கர்த்தர் ஒருத்தர்தான் வைத்தியர்.”

“அது எங்க எழுதிக்கீதுங்க ஐயா? சொல்லுங்க, எடுத்துப் படிக்கிறேன்.”

“எல்லாத்தையும் எழுத்துலயே தேடக்கூடாதும்மா. ஆவியானவர் சபைக்கு வெளிப்படுத்திக்கீறாரு.”

“பவுல் கூட இருந்த லூக்கா வைத்தியர்தானுங்களே? அது கிருபையின் காலம்தானுங்களே?”

கூட வந்தவர்களில் ஒருவர் உங்களைப் பார்த்துக் கண் சிமிட்டினார். “இன்னா பிரதர், வூட்டுல வேதாகமக் காலேஜ் நடக்குது போல? வகுப்பு அடுப்பாங்கரையிலயா?” மூப்பர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பையே அவர்கள் பக்கம் திருப்பிச் சிரித்தீர்கள்.

அவர்கள் போனதும் பஜாருக்குப் போனேன். நாரில் கோர்த்த உலர்ந்த அத்திப்பழத்தைக் கேட்டதும் கடைக்காரர், “இன்னாம்மா, வூட்டுல விசேஷமா?” என்றார். ராஜாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அம்மியில் அரைத்து வெள்ளைத் துணியில் தடவிக் கொண்டுவந்தேன்.

“இது டாக்டர் மருந்து இல்லீங்க. வேதத்துல இருக்கறது.”

துணியை முகர்ந்து பார்த்தீர்கள். கட்டுப் போடத் தலையைக் குனிந்து கொடுப்பீர்கள் என்று நினைத்தேன். “சபைக்குத் தெரிஞ்சா இன்னா ஆவறது?” என்று கேட்டீர்கள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். துணியிலேயே காய்ந்து போயிற்று.

அத்திப்பழம் உங்களைப் பிழைக்க வைத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. டாக்டர் கத்திதான் பிழைக்க வைத்திருக்கும். ஆனால் அந்தத் துணிக்குச் சம்மதித்திருந்தால் அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கும் சம்மதித்திருப்பீர்கள். காய்ச்சல் ஏறியது, பிதற்றல் வந்தது, போய்விட்டீர்கள். அடக்க ஆராதனையில் மூப்பர், ‘விசுவாசத்தில் நிலைத்து நின்றவர்’ என்றார். பெண்கள் பக்கம் வேறு பேச்சு நடந்தது: வீட்டுக்காரிக்கு அவிசுவாசம், அதனால்தான் சுகம் தடைப்பட்டது என்று. அதையும் கேட்டுக்கொண்டு வருஷக்கணக்காக அதே பாயில் உட்கார்ந்தேன். நம் மகளுக்குக் கல்யாணம் ஆக வேண்டியிருந்தது. நல்லபடியாக ஆயிற்று.

இன்று சாட்சி வேளையில் மூப்பர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். “சிஸ்டர், உங்க வூட்டுக்காரரு எப்பேர்ப்பட்ட விசுவாசி! மருந்தைத் தொடாம மரிச்சாரு. பிள்ளைங்களுக்குத் தெரியணும். எழுந்து ரெண்டு வார்த்த சொல்லுங்க.” எதிரே அவர் மனைவி, கையில் கட்டோடு.

எழுந்தேன். சாட்சி சொல்லவில்லை. எசேக்கியாவின் பிளவையை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். சாட்சி பிடிக்காமல் போனால் மூப்பர் பல்லவி எடுப்பார், உங்களுக்குத் தெரியுமே. எடுத்தார். எல்லோரும் கை தட்டிப் பாடினார்கள். கஞ்சிராவும் சேர்ந்துகொண்டது. நான் நிறுத்தவில்லை. ராஜா பிழைத்த இடம் வரைக்கும் சத்தமாக வாசித்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இனி அங்கே போகமாட்டேன்.

அவர்களை மன்னிக்கச் சொல்லி வேதத்தில் இருக்கிறது. இருப்பதால் முயற்சி செய்கிறேன். உங்களை மன்னிப்பதுதான் என்னால் முடியவில்லை. அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தது அவர்கள் புத்தி. நீங்கள் ஒவ்வொரு நாளும் என் வாயால்தான் வேதத்தைக் கேட்டீர்கள். கதையாக இருந்தவரை ஒவ்வொரு எழுத்தையும் நம்பினீர்கள். உங்கள் உயிர் அதில் இருந்த அன்றைக்கு மட்டும், அது பெண்டாட்டி பேச்சாகிவிட்டது. வாசித்தது நான்தான். எழுதியது நானாங்க?