திலகவதி கேட்ட கடல்

தாயும் ஆனவன் துணை.

தெய்வநாயகி,

நீ கோயிலிலிருந்து திரும்புமுன் சூரமங்கலம் ஸ்டேஷனுக்குப் புறப்படுகிறேன். பட்டணம் பார்க்கும் ஸ்பெஷல் ரயில் இன்று. முகம் பார்த்துச் சொல்லத் துணிவின்றி எழுதுகிறேன்.

"போன வருசம் சனிக்கெழம, கெழக்க சூலம்னு பட்டணம் போறத நாந்தானுங்க தடுத்தேன். இல்லீன்னா காச்சல்ல போறதுக்குள்ள புள்ள கடலையாச்சும் பாத்திருக்குமுங்களே" என்று நேற்று அழுதாய். நான் வாய் திறக்கவில்லை. பழி சொல்கிறேன் என்றெண்ணி உண்ணாமல் படுத்தாய். பழியன்று. பதிகம் ஓதிப் பழகிய நாவில் நம் திலகவதியின் பெயர் எழவில்லை. மகளுக்கு வழியில் தீங்கு நேரலாகாதென்றே தடுத்தாய். அது அன்பு, வேறல்ல.

இன்றும் சனிக்கிழமைதான். உன் மனம் அமைதியுற, சூலத்துக்குப் பரிகாரமாகத் தயிர் பருகிவிட்டேன். மீதி உறியில் உள்ளது. சோறு மூடியிருக்கிறது, உண்.

உன் டிக்கெட் விளக்கு மாடத்தில். ரயில் இருட்டிய பின்பே புறப்படும். வருவதானால் சாவியை அடுத்த வீட்டு அங்கம்மாளிடம் கொடு. பெண்கள் வண்டியருகே நிற்பேன்.

கந்தவேல்

வர மனமில்லையேல் வற்புறுத்தேன். ஆயினும், "கடலு நம்மளத் தொரத்துமாங்கப்பா?" என்று கேட்டாளே, அந்த அலைமுன் தனியே நிற்க எனக்கு வலுவில்லை.