முன்பல்லும் புதினா மிட்டாயும்

ஜூன் 4

அன்புள்ள டீச்சருக்கு,

நான் நலம். உன் நலத்தை நீயாக எழுதுவதில்லை என்பதால் நல்லபடியாக இருக்கிறாய் என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

என் முன்பல்லை எடுத்து மூன்று மாதமாகிறது. ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்ததே, அதேதான். அந்த இடத்தில் இம்பிளான்ட் வைக்கப் போகிறார்கள். தாடை எலும்புக்குள் திருகாணி மாதிரி ஒன்றை இறக்கி, அதன் தலையில் பல்லை மாட்டுவார்களாம். மோட்டார் காயில் சுற்றுகிறவனுக்கு இது புரியாதா? ஆனால் எடுத்த எடுப்பில் திருகிவிட முடியாதாம். எலும்பு கரைந்துபோயிருக்கிறது. பல்லை எடுத்த அன்றே எலும்புத்தூள் வைத்துத் தைத்துவிட்டார்கள், அது பிடித்து இறுக இன்னும் ஒன்றிரண்டு மாதம் ஆகும். ஈறையெல்லாம் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேனாம். அதற்கு ராத்திரி பல்மேல் மாட்டிக்கொள்ள ஓர் உறை. "சிகரெட்டை விட்டாத்தான் நான் கை வைப்பேன்" என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். விட்டுவிட்டேன்.

திருகாணி வைக்கும் நாளில் மயக்கம் கொடுப்பார்கள். கூட ஒருவர் இருந்து வீட்டுக்கு அழைத்துப் போகவேண்டும். நீ வருவாயா?

இப்படிக்கு,
உன் பொக்கை வாயன்


ஜூன் 15

வைண்டிங் கடைக்காரருக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன், எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்க்க.

உங்கள் தங்கை இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருவாள். பஸ்ஸில் அரை நாள் உட்கார்ந்து நான் எதற்கு வரவேண்டும்? பல்லைச் சாக்கு வைத்து என்னைத் திரும்பக் கூட்டிப்போகப் பார்க்கிறீர்களா?

கல்யாணமான புதிதிலிருந்து சிகரெட்டை விடச் சொல்லிக் கெஞ்சினேன். "விட்டாச்சும்மா, விட்டாச்சு" என்று தினமும் சொன்னீர்கள், கன்னத்தில் புதினா மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு. தினமும் சாயங்காலம் உங்கள் சட்டைக் காலரை மோந்து பார்க்கிற பிழைப்பாகிவிட்டது எனக்கு. புகையைக்கூட மன்னித்திருப்பேன். அந்த மிட்டாயைத்தான் மன்னிக்க முடியவில்லை. அதனால்தான் பள்ளிக்கூடத்தில் மாற்றல் என்றதும் மறுபேச்சில்லாமல் பெட்டியைக் கட்டினேன். என் பேச்சுக்கு மசியாதவர், யாரோ ஒரு டாக்டரம்மா சொன்னதும் விட்டுவிட்டாராம். இன்னும் பூச்சுற்ற என் காதில் இடம் இல்லை.

இன்னொன்று. உங்கள் பக்கத்தில் படுத்துத் தூங்கியவள் நான். நீங்கள் பல்லைக் கடித்து ஒரு நாளும் நான் கேட்டதில்லை. இப்போது கடிப்பதாக யார் கேட்டுச் சொன்னது?

இப்படிக்கு,
தையல் டீச்சர்


ஜூன் 24

அன்புள்ள டீச்சருக்கு,

யாரும் கேட்கவில்லை. கீழ்ப்பற்கள் தேய்ந்து தட்டையாகிக் கிடப்பதைப் பார்த்து டாக்டரம்மாவே சொன்னார். "எப்பலேர்ந்து கடிக்கிறீங்க? கூட இருக்கறவங்களைக் கேட்டுச் சொல்லுங்க" என்றார். "கூட யாரும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

தங்கையைக் கூப்பிடலாம்தான். நீ கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆமாம், கூட்டிவரத்தான் பார்க்கிறேன்.

சிகரெட் விஷயத்தில் என் எழுத்தை நீ நம்பமாட்டாய். அதனால் கடைக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையைத் துவைக்காமல் அப்படியே பார்சலில் அனுப்புகிறேன். மோந்து பார். தபால்காரர் மூக்கைச் சுளித்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

உன் பொக்கை வாயன்


ஜூலை 2

கடைக்காரருக்கு,

சட்டை வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு மோந்து பார்த்தேன். வியர்வை, மோட்டாருக்கு அடிக்கிற வார்னிஷ், கொஞ்சம் கிராம்புத் தைலம். காலரின் உள்மடிப்பில்கூடப் புகை இல்லை.

ஆனால் இரண்டாவது பொத்தான் புதிதாக இருந்தது. யார் தைத்துக் கொடுத்தது? வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஊசி ஏறிய இடமெல்லாம் கோணல். பொத்தானுக்கு அடியில் மட்டும் நூல் மோட்டார் காயில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகச் சுற்றி, முனையில் வார்னிஷ் தடவியிருந்தது. எந்தப் பொம்பளையும் பொத்தானுக்கு வார்னிஷ் அடிக்கமாட்டாள். மறுநாள் வகுப்பில் காஜா எடுக்கச் சொல்லிக்கொடுக்கும்போது நினைத்துக்கொண்டு சிரித்தேன். பிள்ளைகள் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

சாயங்காலம் வந்து சட்டைப் பையைத் துழாவினேன். உள்ளே புதினா மிட்டாய்த் தாள் ஒன்று கசங்கிக் கிடந்தது.

இதற்கு என்ன கதை சொல்லப் போகிறீர்கள்?

தையல் டீச்சர்


ஜூலை 9

அன்புள்ள டீச்சருக்கு,

'யார் கேட்டுச் சொன்னது' என்று நீ எழுதிய கடிதம் வந்த அன்று, மனசு கேட்காமல் பெட்டிக்கடைக்குப் போனேன். பற்ற வைக்கத்தான் போனேன். கடைக்காரர் பழைய பழக்கத்தில் சிகரெட்டையும் மிட்டாயையும் சேர்த்தே எடுத்து வைத்தார். சிகரெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிட்டாயை மட்டும் தின்றேன். மறைக்க ஒன்றும் இல்லாமல் அதைத் தின்றது அதுதான் முதல் தடவை.

தாளைத் தூக்கி எறியாமல் உனக்கே அனுப்பிவைத்தது என் மடத்தனம். நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். எலும்பு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். இருபத்தைந்தாம் தேதி காலை திருகாணி. தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் பொக்கை வாயன்


ஜூலை 16

அன்புள்ள பொக்கை வாயருக்கு,

நம்புகிறேன் என்று எழுத மனசு வரவில்லை. நம்பவில்லை என்று எழுதவும் கை வரவில்லை. பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டேன். தங்கையிடம் சொல்ல வேண்டாம். சட்டையைத் துவைத்துவிட்டேன், பொத்தானைப் பிரிக்கவில்லை.

உங்கள் வாய் மரத்துப்போய்ப் பேச முடியாமல் கிடக்கும்போது டாக்டரம்மாவிடம் நான் சில கேள்விகள் கேட்பேன். குறுக்கே கையை ஆட்டக்கூடாது.

முதல் நாள் ராத்திரியே வந்துவிடுவேன். அன்றைக்கு அந்த உறையை மாட்டாமல் படுங்கள். நீங்கள் பல்லைக் கடிக்கிறீர்களா இல்லையா என்று பக்கத்தில் படுத்து நானே கேட்கவேண்டும்.

இப்போதைக்கு,
உங்கள் மனைவி