சேர்த்தி எண்ணுக்குச் சந்தனப் பொட்டு

9 செப்டெம்பர் 2009, புதன்

எண் இன்னும் உடையவில்லை. நூற்று நாற்பத்திரண்டு இலக்கம். அது முதன்மை எண் அல்ல, சேர்த்தி எண்தான் என்று சோதனை ஒரு நொடியில் சொல்லிவிட்டது. எதை எதால் பெருக்கினால் அது வரும் என்று மட்டும் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய எண்களின் குணமே அது. அதில் மயங்கித்தான் ஆய்வேட்டுக்கு எடுத்தேன். இப்போது அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

30ஆம் தேதி வாய்மொழித் தேர்வு. அதற்குள் உடைத்துக் காட்டுகிறேன் என்று பேராசிரியை செசிலிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. தவறினால் இரண்டு வருடப் படிப்பும் பட்டமில்லாமல் நின்றுவிடும்.

14 செப்டெம்பர்

லா ஷப்பலில் என் கணவர் நடத்தும் இன்டர்நெட் கடையில் எட்டுக் கணினிகளும் எனக்காக ஓடுகின்றன. முன்னால் ஆட்கள் ஸ்கைப்பில் பேச, பின்னால் என் நிரல் அரிசி அரிக்கிற மாதிரி எண்களை அரித்து, உதவுவதை மட்டும் சேர்க்கிறது. போதியளவு சேர்ந்தால் உடையும். திங்கள்தோறும் போய்ப் பிரதி எடுக்கிறேன்.

குப்பை சேராமலிருக்க, அணைத்தால் எல்லாம் அழியும்படி இவர்தான் அமைத்து வைத்திருக்கிறார். "அணைச்சுப் போடாதேங்கோ" என்றேன். "ஓம், ஓம்" என்றார். இரண்டு ஓம் வந்தால் காதில் விழவில்லை என்று அர்த்தம்.

21 செப்டெம்பர்

பிரதி எடுத்தேன். இன்னும் ஒரு கிழமை, அடுத்த திங்களுக்குள் போதியளவு சேர்ந்துவிடும். நல்லூரானே, நீதான் துணை.

27 செப்டெம்பர், ஞாயிறு

சரஸ்வதி பூசை. அவலோடு கடைக்குப் போனேன். எட்டுக் கணினிகளும் இருட்டாக இருந்தன. ஈரத்துணியால் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம், மேலே ஒரு பூ. வயர்களைக் கழற்றிச் சுருட்டி வைத்திருந்தார்.

"வருசம் முழுக்க உழைக்குதுகள். ஒரு நாள் ஓய்வு குடுக்க வேணுமெல்லே?" என்றார், பெருமையாக.

ஒரு கிழமை அரித்ததெல்லாம் போச்சு. என்ன மனுசன் இந்தாள்? அவலைப் படைக்கப் போனேன். என் ஆய்வேட்டின் பிரதியும் சுவாமித் தட்டில் இருக்கிறது. நாளைவரை அதைத் தொடக் கூடாதாம். நானும் தொடவில்லை. கணிதம் படித்த எனக்கும் மனம் வரவில்லையே.

28 செப்டெம்பர்

செசிலிடம் நடந்ததைச் சொன்னேன். "உங்கள் கணவர் கணினிகளை ஆசீர்வதித்தாரா?" என்று இரண்டு தரம் கேட்டார். தேர்வை ஒக்தோபர் 9வரை தள்ளிவைத்தார். அதற்கு மேல் வழியில்லை.

அணைத்ததால் எல்லாம் அழிந்ததை இவரிடமும் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது. "விஜயதசமி. தொடங்கிறதுக்கு நல்ல நாள்," என்று சொல்லிவிட்டு, கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு எங்கோ போய்விட்டார்.

29 செப்டெம்பர்

நேற்று இவர் புடைவைக் கடை, பயணச்சீட்டு அலுவலகம், கார் ஓட்டப் பழக்கும் இடம் என்று லா ஷப்பல் முழுக்க அலைந்து ஒவ்வொரு படியாக ஏறியிருக்கிறார். யாரிடமும் எதுவும் கேட்டு எனக்குத் தெரியாத மனுசன். "கோசலையின்ர எண்ணை உடைக்க வேணும், கொம்பியூட்டரைத் தாங்கோ" என்றாராம், என் பெயரைச் சொல்லி. எல்லோரும் ஓமென்றார்கள். ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை.

மொழிபெயர்ப்பு அலுவலகம் வைத்திருக்கும் புதுச்சேரி ஜெர்மேன் ஐயா மட்டும், இன்று நிரலைப் போடப் போன என்னிடம், அது என்ன எண் என்று கேட்டார். சேர்த்தி எண் என்றேன்.

"நாங்க அதைப் பகு எண்ணுன்னு படிச்சோம்மா. நாங்க பகுக்கிறோம், நீங்க சேர்க்கிறீங்க. கணக்கு ஒண்ணுதானே?"

மூன்று கணினி தந்தார். அணைக்கும் பொத்தான் எல்லாவற்றிலும் இவர் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு வந்திருக்கிறார்.

3 ஒக்தோபர்

ஓடுகிறது. இவர் தேத்தண்ணி ஊற்றித் தருகிறார், நான் கேட்காமலே.

7 ஒக்தோபர்

உடைந்தது! ஒன்று அறுபத்தைந்து இலக்கம், மற்றது எழுபத்தெட்டு. இரண்டும் முதன்மை எண்கள். பெருக்கிப் பார்த்தேன், அதே எண். கடையில் ஆட்கள் பார்க்க அழுதேன்.

9 ஒக்தோபர், வெள்ளி

தேர்ந்துவிட்டேன்.

இவர் கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தார். ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. நடுவர்களில் ஒரு பெண் கேட்டார், இவ்வளவு கணினி வலு உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று. நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். தன்னைத்தான் விசாரிக்கிறார்கள் என்று நினைத்து இவர் எழுந்து நின்றார். கோட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

"உய், மதாம். நான்தான் அணைச்சது," என்றார், பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும்.