வாறன் என்றாள்

ஜூலை 7, திங்கள்

கச்சான் காற்று. இரண்டு தடவை கூட்டியும் விறாந்தையில் மணல். பிரஷர் குளிசை முடிகிறது, வாங்க வேண்டும்.

மகள் ஹஸ்னாவுக்கு நெதர்லாந்து வேலை செப்டெம்பரோடு சரி. சிறுநீரக நோய்ப் படங்களைக் கணினிக்கு வாசிக்கக் கற்பிக்கிறாள். அடுத்ததற்கு இரண்டு இடம் பார்த்திருக்கிறாள்: கொழும்பில் ஓர் ஆய்வுகூடம், நோர்வேயில் ஒரு பல்கலைக்கழகம். கொழும்பென்றால் வெள்ளி இரவு பஸ், சனி சுபஹுக்கு வீட்டில்.

பக்கத்து வீட்டுப் பரீதா மதிலுக்கு மேலால்: "புள்ள டொக்டராகிட்டுத்தானே ராத்தா, இன்னும் என்ன வேல தேடுற?" அது வைத்தியர் அல்ல, ஆராய்ச்சிப் பட்டம் என்று விளக்கினேன். யோசித்தாள். "அப்ப என்ட முழங்காலுக்கு ஆகாது."

ஜூலை 9, புதன்

இரண்டு விண்ணப்பக் கடிதங்களும் வாட்ஸ்அப்பில் வந்தன, ஆங்கிலத்தைப் பார்க்கச் சொல்லி. கலாநிதிப் பட்டம் எடுத்தவள். மூன்று இடத்தில் "மிகுந்த ஆர்வம்". வெட்டினேன். நான் படித்த கொன்வென்ட்டில் சிஸ்டர் இதற்கே புள்ளி குறைப்பார். செய்ததை எழுது, ஆசையை எழுதாதே என்று பதில் போட்டேன்.

நோர்வேக் கடிதத்தின் கடைசி வரியில் ஒரு பிழை. விட்டுவிடலாமா என்று தேத்தண்ணீர் ஆறும்வரை இருந்தேன். திருத்தினேன். பிழையோடு ஒரு கடிதம் என் கையால் போகாது.

ஆகஸ்ட் 6, புதன்

வெக்கை. பகல் முழுக்க கரண்ட் இல்லை.

நேர்முகம் முடிந்து இரண்டு இடத்திலும் எடுத்துக்கொண்டார்களாம். வெள்ளிக்குள் முடிவு சொல்ல வேண்டும். எது என்று கேட்டேன். லைன் இரைச்சல், ஒன்றும் விளங்கவில்லை. கடைசி மட்டும் தெளிவாக: "சரி உம்மா, வாறன்."

ஆறு வருடமாக "பாய்" சொல்லித்தான் ஃபோனை வைப்பாள். இன்று வாறன்.

அவளுடைய அறையைத் திறந்தேன். வீடே அவளுடையதுதான், இங்கே வீடு பெண்பிள்ளைக்கு. அவளுடைய வாப்பா மௌத்தாக முன்னரே அவள் பெயரில் எழுதியாயிற்று. நுளம்புவலை கழுவிக் கட்டிலுக்கு மேல் கட்டினேன். ஜன்னல் பிணைச்சலுக்கு எண்ணெய்.

வாங்க: தலையணை உறை, மேசை விளக்கு. இன்டர்நெட் விசாரிக்க, அவளுக்கு வேகமாக வேண்டும்.

பரீதாவிடமும் சொல்லிவிட்டேன். வரட்டும், முழங்காலை எதற்கும் ஒருக்காக் காட்டுவாளாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஜும்ஆ முடிந்த நேரம் அழைத்தாள். நோர்வே. கையெழுத்து வைத்துவிட்டாள். இரண்டு வருடம், நீளவும் கூடும். கடிதம் மிகத் தெளிவு என்று அங்கே பாராட்டினார்களாம்.

"நீதானே வாறன் எண்டு சொன்ன."

மெதுவாகச் சொன்னாள், "அது ஃபோன வைக்கக்குள்ள சொன்ன உம்மா. போறன் எண்டு சொல்லக்கூடா எண்டு நீங்கதானே பழக்கின."

ஓம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வாசலில் "போறன்" என்றால் திருப்பிக் கூப்பிட்டு மாற்றிச் சொல்லவைப்பேன்.

குளிர் எப்படி, ஹலால் இறைச்சி கிடைக்குமா என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். சின்னப்பிள்ளைக்குச் சொல்வது போல. வைக்கும்போது திரும்பவும், வாறன் உம்மா.

"போயிட்டு வா மகள்."

மதிலடியில் பரீதா, புள்ள எப்ப வருது என்றாள். வரும் என்றேன்.

நுளம்புவலையை அவிழ்க்கவில்லை.