அறுபதுக்குக் கீழே

நகரி,
18-6-1960

அன்புள்ள தம்பி கோவர்த்தனனுக்கு அக்கா சுலோசனா எழுதுவது. ஹூப்ளியில் நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் தினப்படி வேண்டுதல். ஐந்து வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் சாவுச் செய்தியோ என்று பதறாதே. யாரும் சாகவில்லை.

உன் மாமாவுக்குத் தை மாதத்திலிருந்து உடம்பு சரியில்லை. கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. பங்குனியில் ஒரு நாள் உதடு நீலம் பாய்ந்து, "என்ன திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போ" என்றார். தம்பி, திருப்பதி என்று அவர் வாயாலேயே சொன்னார்.

நீ எதையும் மறந்திருக்க மாட்டாய். என் மகள் செங்கம்மாவுக்கு அப்போது பதிமூன்று வயது. தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து போனபின் முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் முழங்கை. வேலைக்குப் பயந்து பாசாங்கு பண்ணுகிறாள் என்றார் அவளைப் பெற்ற நைனா. ஆறேழு மாசம் போனதும் நாலு எட்டு நடந்தால் இரைக்க ஆரம்பித்தது. நீ அப்போது வேலை பார்த்த பாகாலாவிலிருந்து லீவு போட்டு வந்து, புத்தூர் ஸ்டேஷனில் திருப்பதிக்கு ரயிலேற்றலாம் என்று வாசலில் வண்டி கட்டி நிறுத்தினாய்.

அவர் அப்போது எல்லைக் கமிட்டித் தலைவர். நம் பக்கத்தை மெட்ராசோடு சேர்க்க வேண்டும் என்று ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். "தெலுங்கு சர்க்கார் ஆஸ்பத்திரிப் படிய எம் பொண்ணு மிதிச்சா, மீட்டிங்ல எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நிப்பேன்? திருத்தணிக் கூட்டம் முடியட்டும், மெட்ராசுக்கே கூட்டிக்கினு போறேன்" என்று மாட்டை அவிழ்த்துவிட்டார். எதிர்த்துக் கேட்ட உன்னைப் பார்த்து, இனி இந்த வாசலை மிதிக்காதே என்றார். இருபத்திரண்டாம் நாள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே குழந்தை போய்விட்டாள். "நைனா வந்தா மெட்ராசு போலாம்மா" என்பதுதான் என்னிடம் கடைசியாகச் சொன்னது. நைனா திருத்தணிக் கூட்டத்தில் மாலை போட்டுக்கொண்டிருந்தார்.

அதே மனுஷன் இந்தப் பங்குனியில் திருப்பதி ஆஸ்பத்திரியில் கை இரண்டையும் கூப்பி, "காப்பாடண்டி பாபு, காப்பாடண்டி" என்று நல்ல தெலுங்கில் அழுதார். எல்லைக்கோடும் அந்த வாரந்தான் முடிவானது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று. நாம் ஆந்திராவிலேயே இருக்கிறோம்.

டாக்டர் பொறுமைசாலி. காகிதத்தில் படம் வரைந்து எனக்கு விளக்கினார். இதயம் நம் கைமுட்டி அளவுதானாம். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு. உடம்பெல்லாம் சுற்றிக் கறுத்த ரத்தம் வலது பக்கம் வந்து நுரையீரலுக்குப் போகிறது. அங்கே காற்றை வாங்கிக்கொண்டு சிவப்பாக இடது பக்கம் திரும்புகிறது. இடது கீழறை அதை உடம்பு முழுக்கத் தள்ளுகிறது. மணிக்கட்டில் நாம் தொட்டுப் பார்க்கும் துடிப்பு அந்தத் தள்ளல்தான். வந்த ரத்தம் திரும்பிப் போகாதிருக்க, ஒரே பக்கம் திறக்கும் கதவுகள் உண்டு. ரத்த அழுத்தம் ஏறி ஏறி இவருக்கு அந்தக் கீழறை தளர்ந்துவிட்டது. தள்ளாத ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்குவதால் மூச்சு முட்டுகிறது. கால் வீக்கமும் அதனால்தான்.

பென்சில் அந்தக் கதவின் மேல் நின்றபோது செங்கம்மாவைப் பற்றிக் கேட்டேன். தொண்டை வலி, மூட்டு வலி, இரைப்பு என்று வரிசையாகச் சொன்னேன். அந்தக் காய்ச்சல் இதயத்துக் கதவைத் தின்றுவிடும் என்றார் டாக்டர். தொடக்கத்திலேயே ஊசி போட்டுப் படுக்கையில் வைத்திருந்தால் பிழைக்க வழியிருந்தது, நீங்கள் வண்டி கட்டிய நாளில்கூட மூச்சையாவது இலேசாக்கியிருக்கலாம் என்றார். ஐந்து வருஷமாக விதி என்று ஆறப்போட்டிருந்தேன், தம்பி. படியிறங்கும்போது அது விதியாக இல்லை. பெயரும் முகமும் உள்ள ஆளாக என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தது.

அவருக்குத் தினம் காலையில் ஒரு மாத்திரை. கொடுக்குமுன் நாடியை ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். கட்டைவிரல் கூடாது, அதற்கே துடிப்பு உண்டு. நடு விரல்கள் மூன்றை வைக்க வேண்டும். அறுபதுக்குக் கீழே இருந்தால் அன்று மாத்திரை கிடையாது. மீறிக் கொடுத்தால் இதயம் நின்றும் போகலாம். சாப்பாட்டில் உப்பும் கூடாது. உப்பில்லாத கஞ்சியைப் பார்த்து அவர் முகத்தைச் சுளித்தால், கெஞ்சாமல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன். சத்தம் போட அவரிடம் மூச்சு இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை அவர் மடியில் வைத்து, கதவைக் காட்டி, "உங்க பொண்ணு செத்தது இதுல" என்று டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். "அவ தலையெழுத்து, இன்னா பண்றது" என்றார். காகிதத்தை ஒதுக்கிவிட்டு, "மாத்திர குடுத்துட்டியா இல்லியா" என்று கேட்டார்.

முந்தாநாள் காலையில் எண்ணினேன். நாற்பத்தெட்டு. தப்போ என்று மறுபடி எண்ணினேன். நாற்பத்தெட்டுதான். "எத்தினி?" என்று கேட்டார். "எழுவத்திரண்டு" என்றேன். சின்னக் குழந்தை மாதிரி வாயைத் திறந்தார். மாத்திரை என் விரலில் இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு கொல்லைக்குப் போய்ச் சாம்பலில் போட்டுவிட்டு வந்தேன். மாத்திரை எங்கே என்று கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், எண்ணிக்கையில் நான் பொய் சொன்னது அவருக்குப் புரிந்துவிட்டது. நேற்றிலிருந்து நான் நாடி பார்க்கத் தொட்டாலே கையை இழுத்துக்கொள்கிறார். பயப்படாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

உன்னை வரச்சொல்லி எழுதச் சொன்னவர் அவர்தான். "கோவர்த்தனன வரச்சொல்லு, நான் சொன்னத மனசுல வெச்சிக்க வேணாம்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன். அது அவர் கேட்டது.

இனி நான் கேட்பது. இன்று அறுபத்தாறு இருந்தது, கொடுத்தேன். நாளைக்கு அறுபதுக்குக் கீழே இருந்தால் என் கை என்ன செய்யுமோ தெரியாது. கிடைத்த லீவை வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் புறப்பட்டு வா. உன் பிள்ளைகள் நூறு வயசு இருக்கட்டும், நீயும் பிள்ளை பெற்றவன் என்பதால் சொல்கிறேன், அவரை நீ மன்னிக்க வேண்டாம். காலையில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை நீ பிடி. எண்ணிக்கையை மட்டும் சரியாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா,
சுலோசனா