சப்பாத்தி இயந்திரத்தின் கையேடு

அடையாறு,
செவ்வாய் இரவு

அன்புள்ள நிலாவுக்கு,

இந்நேரத்தில் மெயில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள், மணி பதினொன்றரை, இப்போதுதான் உட்கார முடிந்தது. இங்கே நானும் அப்பாவும் நலம், டப்ளின் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், மூடியிருக்க மாட்டாய், தெரியும். அப்பா முட்டிவலிக்கு நடக்கிறேன் என்று தினமும் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய் பஜ்ஜிக் கடையில் உட்கார்ந்துவிட்டு வருகிறார்.

ஈக்காட்டுத்தாங்கல் கம்பெனியில் என் ஆறு மாதப் பயிற்சிக் காலம் வெள்ளியோடு முடிகிறது, நாற்பத்துமூன்று வயதுப் பயிற்சியாளர், சிரிக்காதே. சப்பாத்தி இயந்திரங்களுக்குக் கையேடு தயாரிக்க எந்த சாஃப்ட்வேர் சரிப்படும் என்று அன்றைக்கு எங்கள் மேலாளர் துரைராஜ் சாரிடம் நான்தான் சொல்ல வேண்டும், உளறினால் வேலையை வெளியாட்களிடம் கொடுத்துவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நீ சொன்ன சாஃப்ட்வேரில் ஒரு வாரம் எழுதிப் பார்த்தேன். தலைப்புக்கு ஒரு குறி, தடித்த எழுத்துக்கு இரண்டு நட்சத்திரம் என்று நாமே தட்ட வேண்டும், இதற்கா நிலாவை இன்ஜினியரிங் படிக்க வைத்தோம் என்றார் அப்பா. ஆனால் போனில் பார்க்க அழகோ அழகு. பெருமையாக அதை வடபழனி மெஸ்ஸுக்குக் கொண்டுபோய், அங்கே எங்கள் இயந்திரத்தை ஓட்டும் பாஞ்சாலி அக்காவிடம் நீட்டினேன். இன்னாம்மா இது, கையெல்லாம் மாவு கீது, உன் போன மூக்கால தள்ளிப் படிக்கவா என்று கேட்டார், அடுப்படியே சிரித்தது.

உடனே உன் அம்மா மகா புத்திசாலியாக வேர்டுக்குத் திரும்பி, பழைய மாடலின் கையேட்டை நகலெடுத்து, மெஸ்ஸுக்குப் புதிதாக வந்திருக்கும் மாடலுக்குத் திருத்தி அச்சடித்துக் கொடுத்தேன். பழையதில் நிறுத்தும் சுவிட்ச் இடப்பக்கம், புதியதில் வலப்பக்கம். முதல் பக்கத்தில் மாற்றியவள், மாவு சிக்கினால் என்ன செய்வது என்கிற ஐந்தாம் பக்கத்தில் மறந்துவிட்டேன். நேற்று மாவு சிக்கியிருக்கிறது, அக்கா இடப்பக்கம் தடவித் தடவித் தேட, உருளை ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, யாரோ ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். விரல் தப்பியது, இரண்டு கண்ணாடி வளையல் போனது. நீ எழுதுனத நம்பித்தானம்மா கைய வெச்சேன் என்றார், அவ்வளவுதான். நன்றாகத் திட்டியிருந்தால் தேவலை. தாள்களையெல்லாம் திரும்ப வாங்கிவிட்டேன், சாரிடம் நானே போய்ச் சொல்லியும்விட்டேன், வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்றார்.

இந்த சாஃப்ட்வேரில் ஒரு இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் தானாக மாறும் என்று நீ போனில் கத்தியது இப்போது புரிகிறது, ஜெயித்துவிட்டாய், ரொம்ப ஆடாதே, பாதி ஜெயம்தான். அடுப்படிச் சுவரில் ஒட்டுவதற்கு எனக்குக் காகிதம் வேண்டும், மாவுக் கையோடு தள்ளி நின்று படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில்.

நேரத்துக்குச் சாப்பிடு, பிரெட்டைச் சாப்பாடு என்று என்னிடம் கணக்குக் காட்டாதே. நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு கண்ணு. உன் சாஃப்ட்வேரில் அப்படி அச்சடிக்க முடியுமா, முடியாதா, அதை மட்டுமாவது வியாழக்கிழமைக்குள் எழுது.

அன்புடன்,
அம்மா ஷீலா