ரோஜா அவிழ்த்த கயிறு

அய்யனார் காலனி,
விருதுநகர் மாவட்டம்.
பங்குனிப் பொங்கல் முடிந்த மறு வாரம், செவ்வாய்க்கிழமை.

ரோஜா அப்பாவுக்கு,

அய்யம்மாள் எழுதுவது. ஆத்தா புண்ணியத்தில் நானும் உங்கள் மகளும் இங்கே சுகமாக இருக்கிறோம். அந்த வெயிலில் நீங்கள் தலைவலி, காய்ச்சல் என்று படுக்காமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பேனாவைத் தொட்டேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று கேட்பீர்கள். போனில் பேசினால் உங்களுக்கு மஸ்கட்டில் சிக்னல் போய்விடுகிறதே! காராச்சேவு விலையைச் சொன்னால் நன்றாகக் கேட்கிறது. பக்கத்து வீட்டுப் பாண்டிச்செல்வியின் ஆடு குட்டி போட்டதைச் சொன்னாலும் கேட்கிறது. ரோஜா என்று ஆரம்பித்தால் மட்டும், ‘கேக்கல, கேக்கல, அப்புறம் பேசுறேன்’ என்று வைத்துவிடுகிறீர்கள். கடுதாசியை அப்படி வைக்க முடியாது. எதிர்வீட்டு அழகுமீனாவின் புருசன் விக்னேஷ்குமார் லீவு முடிந்து உங்கள் கம்பெனிக்கே திரும்புகிறான். அவனிடம்தான் கொடுத்துவிடுகிறேன். கவர் மேல் உங்கள் பேரையும் அவனையே எழுதச் சொன்னேன். புருசன் பேரை நான் எழுத மாட்டேன் என்றதும் சிரித்தான், சிரித்துவிட்டுப் போகட்டும். கூடவே சேவும் கருப்பட்டியும் இருக்கிறது. இதைப் படித்த பிறகு சேவைப் பிரியுங்கள். முதலில் அதைப் பிரித்தால் இதை மறந்துவிடுவீர்கள்.

போன ஆவணியில் ரோஜாவுக்கு நம் ஊர் நகராட்சியில் உதவிப் பொறியாளர் வேலை கிடைத்தபோது நான் தெரு முழுக்கச் சீனி கொடுத்தேன். ஊருக்குத் தண்ணீர் விடுவதும் பாதாளச் சாக்கடையைப் பார்ப்பதும் அவள் பொறுப்பு என்றதும் நீங்கள் போனிலேயே கத்தினீர்கள். ‘நான் இங்கன கெடந்து காயுறது என் மகளைச் சாக்கடைக்கு அனுப்பவா? அந்த வேலையை விடுற வரைக்கும் எங்கிட்டப் பேசாதே’ என்றீர்கள். அன்றோடு சரி. அவளிடம் நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.

உங்கள் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாதா? உங்கள் தம்பி முத்துப்பாண்டியை வெளியூரில் சாக்கடைக் குழிக்குள் இருந்து பிணமாகத் தூக்கியபோது கால்மாட்டில் பிடித்தவர் நீங்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகும் நாற்றம் போகவில்லை என்று மண்ணெண்ணெய் ஊற்றிக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தீர்கள். நம் வம்சத்தில் ஒருவரும் இனிமேல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றீர்கள். அதை நான் குற்றம் சொல்லவில்லை. சண்டை போடவும் எழுதவில்லை. உங்கள் மகள் செய்ததை உங்களுக்கு யார் சொல்வார்கள்? நான்தான் சொல்ல வேண்டும்.

முதலில் தண்ணீர்ச் சேதி. முன்பெல்லாம் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று உங்களுக்கே ஞாபகம் இருக்கும். சிவகாசிப் பக்கம் போகிற பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன பிறகு, தெருவே பூட்டிக் கிடக்கிற நேரமாகப் பார்த்துத் திறந்துவிடுவார்கள். சாயந்தரம் மருந்துத் தூசியும் தலையெல்லாம் வெள்ளிப் பொடியுமாக வருகிற பொம்பளைகள் ஒரு வாளித் தண்ணீரில் கோழி மாதிரிக் குளிப்பார்கள். ரோஜா வந்ததும் அதை மாற்றினாள். இப்போது சாயந்தரம் வேன் திரும்பி வந்த பிறகுதான் நம் பக்கத்து வால்வைத் திறக்கிறார்கள். மெயின் ரோட்டு மாடிவீட்டுக்காரர்கள் நகராட்சிக்குப் போய்ச் சத்தம் போட்டார்கள். அவள் குரலை உயர்த்தவே இல்லையாம். ‘உங்களுக்குத் தொட்டி இருக்கு, எப்ப வந்தாலும் பிடிச்சு வச்சுக்குவீக. வேன்ல போறவுகளுக்குக் குடம்தான இருக்கு’ என்றாளாம். பாண்டிச்செல்வி என்னிடம் வந்து, ‘மதினி, இம்புட்டு வருசத்துல தலையில மருந்து வாடை இல்லாமப் படுக்குறது இப்பத்தான்’ என்றாள். எனக்கு அப்போதே உங்களுக்கு எழுத வேண்டும் போல இருந்தது.

இனிப் பெரிய சேதிக்கு வருகிறேன். அக்கினிச்சட்டிக்கு முந்தின நாள், ஊரே பொங்கல் வைக்கிற அன்று காலையில், நம் தெரு முக்கில் சாக்கடை மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மறுநாள் சட்டி எடுக்கிற பெண்கள் வெறுங்காலோடு நடக்கிற பாதை அது. கணுக்கால் அளவு நாற்றத் தண்ணீர். விரதம் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கூட்டம் கூடிவிட்டது. அந்தக் கூட்டத்தில் ஒசந்த குரல் யாருடையது என்கிறீர்கள்? என்னுடையதுதான். ‘நகராட்சின்னு ஒண்ணு இந்த ஊர்ல இருக்கா, செத்துப் போச்சா?’ என்று கத்தினேன். பாண்டிச்செல்வி என் இடுப்பில் கிள்ளி, ‘மதினி, நகராட்சின்னா ஓன் மகதான்’ என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்காக வாயை மூடிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மகளாக இருந்தால் என்ன, நாற்றம் நாற்றம்தானே.

ரோஜா வந்தாள். அடைப்பு எடுக்கிற வண்டி பழுதாகிப் பட்டறையில் நிற்கிறது, பக்கத்து ஊர் வண்டிக்குச் சொல்லியிருக்கிறேன், வர சாயந்தரம் ஆகும் என்றாள். ஊர் ஒத்துக்கொள்ளுமா? ஆளாளுக்குக் குதித்தார்கள். அதற்குள் சாக்கடைக் காண்ட்ராக்ட்காரரின் ஆள் ஒருவன், மாரிக்கண்ணன் என்கிறவரை பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். கீழக்காலனிக்காரர், முத்துப்பாண்டி வயதுதான் இருக்கும். சட்டையைக் கழற்றிவிட்டு இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ரெடியாக நின்றார். ஊரே அப்பாடா என்றது. பொய் எதற்கு, நானும்தான்.

ரோஜா அப்படியே சாக்கடைத் தண்ணீருக்குள் நடந்து போய், அந்தக் குழி வாயை மறித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ‘இதுக்குள்ள ஒரு மனுசனும் இறங்கக் கூடாது. சட்டமும் கூடாதுங்குது, நானும் கூடாதுங்குறேன்’ என்றாள். மாரிக்கண்ணன், ‘மேடம், கொஞ்ச நேரம் மூச்சடக்குனா முடிஞ்சது. எனக்குப் பழக்கம்தான்’ என்றார். அவள் அவர் கிட்டே போய், இடுப்பில் இருந்த முடிச்சை அவள் கையாலேயே அவிழ்த்தாள். ‘எங்க சித்தப்பாவும் பழக்கம்தான்னு சொல்லிட்டுத்தான் இறங்குனாக’ என்றாள்.

ரோஜா அப்பா, இதைக் கேளுங்கள். அவள் சித்தப்பாவைப் பற்றி வீட்டில் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

கூட்டத்தில் ஒருத்தன் எகிறினான். ‘சாமி வர்ற பாதையில வெளையாடுறியா?’ என்று கேட்டான். அவள் சொன்ன பதிலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ‘ஆத்தா ஒரு உசுரை வாங்கிக்கிட்டுத்தான் இந்தத் தெருவுக்குள்ள காலை வைப்பாளா? கோயில்ல போய் அப்படிக் கேட்டுட்டு வாங்கண்ணே, நான் தள்ளிக்கிறேன்’ என்றாள். அவன் எங்கே போய்க் கேட்பான்? முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பேச்சு அப்படி வந்ததே தவிர, அவளுக்கு உள்ளுக்குள் நடுக்கம். பெற்றவளுக்குத் தெரியாதா? பட்டாசுக் குழாய் சுற்றுகிற மாதிரித் துப்பட்டா நுனியைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளையில் இருந்தே பயந்தால் அப்படித்தான் செய்வாள். நான் வீட்டுக்குப் போனேன். போன லீவில் நீங்கள் வாங்கிப் போட்ட நீல நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, அவள் பக்கத்தில் அந்தத் தண்ணீருக்குள்ளேயே போட்டு உட்கார்ந்துகொண்டேன். ‘எம்மா, நீ வீட்டுக்குப் போ’ என்றாள். ‘நீ போறப்ப நானும் போறேன்’ என்றேன். பாண்டிச்செல்வி முக்காலியோடு வந்தாள். அப்புறம் வேனுக்குப் போகிற பொம்பளைகள் ஒவ்வொருத்தராக வந்து நின்றார்கள். அந்தக் காண்ட்ராக்ட் ஆள் எப்போது நழுவினான் என்று யாரும் பார்க்கவில்லை. மாரிக்கண்ணன் மட்டும் போகாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

வெயில் தாழ்ந்து வண்டி வந்தது. குழாயை உள்ளே விட்டு வேகமாகத் தண்ணீர் அடித்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் மடார் மடார் என்று கட்டி கட்டியாக வெளியே வந்து விழுந்தது. கல் மாதிரி கெட்டி. நீலம் பாரித்த நிறம், அதற்குள் காகிதத் துண்டுகள். ரோஜா கையுறையோடு ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எனக்கும் புரிந்துவிட்டது. தெரு முழுக்க நாங்கள் வீட்டில் உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் ஒட்டுகிறோமே, அந்த மைதாப் பசை! பூச்சி அரிக்காமல் இருக்கப் போடுகிற மயில்துத்தத்தின் நிறம் அப்படியே இருந்தது. இந்த சீசனுக்கு ஆர்டர் ஜாஸ்தி. மிஞ்சின பசையை எல்லா வீட்டிலும் குளிக்கிற இடத்தில் ஊற்றி, சட்டியையும் அங்கேயே கழுவி விட்டுக்கொண்டிருந்தோம்.

உங்கள் மகள் சும்மா விடுவாளா? ‘எம்மா, பசைச் சட்டியை எங்கன கழுவுறே?’ என்று அத்தனை பேருக்கு முன்னால் கேட்டாள். வாய் கிழியக் கத்தின நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள். பாண்டிச்செல்விதான் முதலில் சிரித்தாள். ‘எங்க வீட்டுப் பசையும் இதுல கெடக்கு மதினி, நீ மட்டும் மொத்தத்தையும் எடுத்துக்காதே’ என்றாள். அப்புறம் தெருவே சிரித்தது. ரோஜா யாரையும் திட்டவில்லை. அந்தக் கட்டிகளை ஒரு தட்டில் வைத்து வீடு வீடாகக் காட்டினாள், அவ்வளவுதான். இப்போது முக்கில் ஒரு டிரம் இருக்கிறது. மிஞ்சின பசையை வழித்து அதில் போட்டுவிட்டுத்தான் சட்டியைக் கழுவ வேண்டும். காவலுக்கு நான்தான். என் கண்ணில் படாமல் ஒருத்தி பசைச் சட்டியைக் குளிக்கிற இடத்துக்குக் கொண்டுபோகட்டும் பார்க்கலாம்!

பொழுது சாய்வதற்குள் லாரித் தண்ணீர் அடித்துத் தெருவைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டோம். மறுநாள் சட்டி எடுத்தவர்களில் மாரிக்கண்ணன் பெண்டாட்டி கற்பகமும் ஒருத்தி. ரோஜா குடத்தோடு நின்று எல்லார் காலுக்கும் தண்ணீர் ஊற்றினாள். கற்பகம் கையில் தீயோடு அவளுக்கு முன்னால் நின்றுவிட்டாள். ‘அவுக குழிக்குள்ள இறங்கப் போற நாள்ல நான் உலை வைக்கிறதில்ல தாயி. வீடு திரும்புனதைப் பார்த்துட்டுத்தான் அரிசி களைவேன். நீ கயித்தை அவுத்துட்டேன்னு சேதி வந்ததும், நேத்துக் காலையிலேயே பொங்கல் வச்சுட்டேன்’ என்றாள். பின்னால் வந்தவர்கள் நெருக்கியதால் நடந்துவிட்டாள். ரோஜா வெறுங்குடத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். முத்துப்பாண்டி பெண்டாட்டி அன்றைக்கு உலை வைத்துவிட்டுக் காத்திருந்தவள்தானே.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. உங்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் சொல்வேன். பிள்ளையைப் பெற்றால் இப்படிப் பெற வேண்டும் என்று ஊரே சொல்கிறது. என்னிடம் சொல்கிறவர்களிடம், ‘அவ அப்பாவும் சேர்த்துத்தான் பெத்தாரு’ என்று சொல்லி அனுப்புகிறேன். சாக்கடைப் பக்கமே போகாதே என்று நீங்கள் சொன்னதைத்தான் அவளும் சொல்கிறாள். அவள் ஊருக்கே சொல்கிறாள்.

மாரிக்கண்ணன் அந்தக் கயிற்றைத் திரும்பக் கேட்கவில்லை. பழுது பார்த்து வந்த வண்டியில் குழாய் பிடிக்கிற வேலைக்கு அவரைச் சேர்க்கும்படி ரோஜா மேலிடத்துக்கு எழுதியிருக்கிறாள். கிடைத்துவிடும் என்கிறார்கள். கயிற்றை நான் நன்றாக அலசிக் காயவைத்து, கொல்லையில் துணிக்கொடியாகக் கட்டிவிட்டேன். நீங்கள் வந்தால் உங்கள் சட்டையும் அதில்தான் காயும்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீங்கள் போன் பண்ணி வைத்த பிறகு, அவள் அடுப்படி வாசலில் வந்து நிற்பாள். அப்பா என்ன சொன்னார் என்று கேட்பாள். நானும், ‘ஒன்னைத்தான் கேட்டாக, சாப்பிட்டாளான்னு கேட்டாக’ என்று சொல்லிவிடுவேன். ஆவணியில் இருந்து அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு வாரமும் வந்து கேட்கிறாள். போன வெள்ளிக்கிழமை அவள் அந்த வாசலுக்கு வரவில்லை.

அத்தனை கூட்டத்துக்கும் அசையாத பிள்ளை. அவளை இப்படி நிற்க வைக்காதீர்கள். இந்த வெள்ளிக்கிழமை என் நம்பருக்குப் போட வேண்டாம், அவள் நம்பருக்குப் போடுங்கள். வேலையைப் பற்றிப் பேச வேண்டாம், பாராட்டவும் வேண்டாம். சாப்பிட்டியா என்று மட்டும் கேளுங்கள். என் பொய்யை மெய்யாக்கிக் கொடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

கல்யாணமானதில் இருந்து உங்கள் பேரை நான் சொன்னதில்லை. அவள் பிறந்த நாளில் இருந்து ரோஜா அப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். எனக்கு வேறு பேர் தெரியாது. ஆத்தா உங்களை நோய் நொடி இல்லாமல் காத்து, எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
ரோஜா அம்மா